கல்வெட்டு, பானை ஓடு படமெடுக்கப் பயிற்சி: எதிலிருந்து தொடங்கலாம்?

ஓலைக்கட்டு:
முதுகலை வரலாறு மாணவர்கள் 20 பேருக்கு மூன்று நாள் பயிற்சி. கையில் இருப்பது இரண்டு டி.எஸ்.எல்.ஆர். கேமரா, ஒரு 50 மி.மீ. லென்ஸ், கேமராவோடு வந்த ஒரு கிட் லென்ஸ், ஒரு ட்ரைபாட். மற்றபடி அவரவர் செல்போன்தான். முதல் நாள் அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஷட்டர் (ஒளி விழும் நேரம்), ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) நடத்திவிட்டு மறுநாள் கோயிலுக்குப் போவதாகத் திட்டம். ஆனால் சோதனைக்கு எடுத்த படங்களில், நேரில் படிக்க முடிந்த வரிகூடத் தெரியவில்லை. கேமராவை மாற்ற வேண்டுமா?

மைப்படி:
வேண்டாம் சார், கோளாறு வெளிச்சத்தில். ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழாது, கல் வெறும் தட்டையாகத் தெரியும். கேமரா சுவருக்கு நேர் எதிரே ட்ரைபாடில் நிற்கட்டும். விளக்கு மட்டும் பக்கவாட்டிலிருந்து, சுவரோடு 10 முதல் 20 டிகிரிக்குள் சாய்ந்து வரட்டும். அபெர்ச்சர் எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 100, 2 விநாடி டைமர் போதும்.

விளக்கைச் சுவரை ஒட்டிப் பிடிப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கிட்டத்தில் வெளுத்து, தூரத்தில் இருண்டுவிடும். படத்தில் அடங்கும் அகலத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஒளி போகும் திசையிலேயே ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது. அதனால் இடம், வலம், மேல் என்று ஒரே சட்டகத்துக்குக் குறைந்தது மூன்று படம் வேண்டும்.

வெயிலில் எடுத்தால் சுவரின் திசையைப் பாருங்கள். கிழக்குச் சுவரில் காலை வெயில் நேராக அறையும். நண்பகலை நெருங்கும்போதுதான் எழுத்து எழும்பும். வடக்குச் சுவருக்கு மே முதல் ஜூலை வரை உச்சி வெயில் அருமையாகச் சரியும். நிழலில் இருக்கும் சுவருக்கு, வெயிலில் ஒருவர் ஓர் அடிக் கண்ணாடியோடு நின்று ஒளியைத் திருப்பிவிட்டால் போதும், காசில்லாத விளக்கு. கோயில் அடித்தளத்தில் உருண்டையாகப் புடைத்து ஓடும் குமுத வரிசையில் வளைவுக்கு ஏற்ப ஒளியின் கோணமும் மாறும். துண்டு துண்டாக, மூன்றில் ஒரு பங்கு மேற்பொருந்துமாறு எடுக்க வேண்டும்.

குழிமேடு:
ஒளிக்கு அடுத்து அளவுகோலைச் சொல்லிக்கொடுங்கள். ஓட்டின் முகப்பு கேமராவிலிருந்து 30 செ.மீ. தூரத்திலும், அளவுகோல் மேசையில் 33 செ.மீ. தூரத்திலும் இருந்தால், அந்தப் படத்தை வைத்து அளக்கும் ஓடு 10 சதவீதம் பெரிதாக வரும். அளவுகோலுக்கு அடியில் அழிப்பான் வைத்து முகப்பின் மட்டத்துக்கு உயர்த்துங்கள். எண்ணெய் கலந்த பொம்மைக் களிமண் உருண்டையில் பானை ஓட்டை நிறுத்துபவர்கள் நடுவில் பாலித்தீன் வைக்கட்டும், இல்லையென்றால் எண்ணெய் ஊறிவிடும்.

கறுப்பு-சிவப்பு ஓட்டின் பளபளப்பில், அதில் கீறிய குறிகள் மறைந்துபோகும். ஒளியைத் தாழ்த்தி மேல் இடப்பக்கத்திலிருந்து விடுங்கள், எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை. ஓட்டைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் பின்னணியை 15 செ.மீ. கீழே தள்ளினால் அதன்மேல் நிழல் கறுப்பாக அப்பிக்கொள்ளாது.

அகழாய்வுக் குழிக்கு இதெல்லாம் தலைகீழ். அங்கே நிழல்தான் எதிரி. பாதிக் குழி வெயில், பாதி நிழல் என்றால் மண்ணடுக்கு தெரியாது. சூரியன் ஏறுமுன் எடுங்கள், அல்லது குழி முழுவதும் நிழலாகும்படி மேலே துணி பிடியுங்கள். குழியின் பக்கச் சுவரான வெட்டுமுகம் காய்ந்திருந்தால், அதில் தெளிப்பானால் லேசாக நீர் அடித்தால் அடுக்குகளின் நிறம் பிரியும். வடக்குக் குறி, பெயர்ப்பலகை, அளவுகோல் மூன்றும் இருக்க வேண்டும். கூடை, செருப்புத் தடம் இருக்கக் கூடாது.

ஓலைக்கட்டு:
நன்றி. செல்போன் வைத்திருப்பவர்களை என்ன செய்வது? எழுத்தில் சுண்ணக்கட்டி தடவி எடுக்கலாமா?

மைப்படி:
தடவவே கூடாது. தூள் பள்ளத்தில் தங்கிவிடும். அதைவிட மோசம், தடவுகிறவர் எழுத்து என்று நினைத்ததுதான் வெளுக்கும். கல்லின் பொரிவும் எழுத்தாகிவிடும். பிறகு அந்தப் படத்தை வைத்து யாரும் கல்வெட்டின் வாசகத்தைச் சரிபார்க்க முடியாது.

செல்போன் தாராளமாகப் போதும். வைட் லென்ஸ் வேண்டாம், விளிம்பு வளையும். பின்னால் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுக்கட்டும். இருட்டையும் வெளிச்சத்தையும் சமன் செய்யும் ஹெச்.டி.ஆர். வசதியை அணைக்கச் சொல்லுங்கள், நிழலை அது நிரப்பிவிடும். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கும், எடுத்த நேரமும் அழியும். டாக்குமெண்டாக அனுப்பலாம், கேபிளில் எடுப்பது இன்னும் நல்லது.

குழிமேடு:
இன்னொன்று: கோயில் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருந்தால் ட்ரைபாடுக்கும் விளக்குக்கும் முன்னதாகவே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். வாசலில் போய்க் கேட்டால் நாள் வீண்.