கேட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்: வீடு வீடா ஓட்டு கேட்ட அனுபவம்

சிங்கப்பூர்ல 2025 பொதுத்தேர்தல்ல ஒரு கட்சிக்குத் தொண்டூழியரா வீடு வீடா போனேன். எந்தக் கட்சின்னு கேக்காதீங்க, சொன்னா பேச்சு வேற பக்கம் போயிடும். ஏப்ரல் 23 வேட்புமனு, மே 2 பிரசார ஓய்வு நாள், நடுவுல கிடைச்சது ஒம்பதே நாள். வேலை முடிஞ்சு அப்படியே ஓடிவந்து ஏழு மணிக்கு அடுக்குமாடி புளோக் கீழ நிக்கணும், லிஃப்ட்ல மேல் மாடிக்குப் போய் அங்கேர்ந்து படியில ஒவ்வொரு மாடியா இறங்கணும். இறங்கறதுதானே சுலபம்னு மொத நாள் நெனச்சேன், மூணாவது நாள் முட்டி பதில் சொல்லிச்சு.

என்னைச் சேத்துக்கிட்டதே தமிழ் பேச ஆள் வேணும்னுதான். வாசல்ல மாவிலைத் தோரணம் தெரிஞ்சா போதும், வேட்பாளர் (அவர் சீனர்) என்னை முன்னாடி தள்ளிவிடுவார். அப்படித்தான் ஒரு வீட்டுல பெல் அடிச்சு பளிச்சுனு வணக்கம் சொல்லி மூச்சு விடாம பேசி முடிச்சா, வந்தவர் தெலுங்கு!

அதே புளோக் 12வது மாடியில ஒரு அங்கிள், குரலத் தாழ்த்தி, "தம்பி, வாக்குச்சீட்டுல நம்பர் இருக்கே, யாருக்குப் போட்டேன்னு கண்டுபுடிச்சிர மாட்டாங்களா"ன்னார். அது கள்ளச்சீட்டு வராம இருக்கத்தான், எண்ணி முடிச்சதும் முத்திரை வெச்சு உச்ச நீதிமன்றப் பெட்டகத்துல 6 மாசம் வெச்சிருந்து அப்பறம் அழிச்சிடுவாங்கன்னு சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "சரி, நான் இப்படிக் கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத"ன்னார். சொல்லிட்டேன் அங்கிள், பேர் சொல்லல.

ஆனா மறக்க முடியாதது 9வது மாடி பாட்டிதான். வேட்பாளர் நாலு நாளா மனப்பாடம் பண்ணின "வணக்கம், நல்லா இருக்கீங்களா"வ கம்பிக்கு வெளிய நின்னு அழகா சொன்னார், பாட்டி அவரக் கண்டுக்கவே இல்ல, என்னைப் பாத்து "நீ யாரு வீட்டுப் புள்ளய்யா, அப்பாவுக்கு எந்த ஊரு"ன்னாங்க. மன்னார்குடிப் பக்கம்னேன். அவங்க தஞ்சாவூராம். பூட்டு தொறந்துருச்சு. அப்பறம் இருவது நிமிஷம், மேல் வீட்டுக்காரங்க புழியாத துணிய மூங்கில் கழியில போட்டு ஜன்னலுக்கு வெளிய நீட்டறாங்க, சொட்டு சொட்டா வடிஞ்சு இவங்க காஞ்ச துணியெல்லாம் திரும்ப நனையுது, சொன்னா கதவே தொறக்கறதில்லன்னு ஒரே புலம்பல். கீழ இன்னும் எட்டு மாடி கிடக்கு, வேட்பாளர் கடிகாரத்தப் பாக்கறார், என்ன சொல்றாங்கன்னு கேக்கறார், நான் "லாண்ட்ரி"ன்னு ஒரே வார்த்தையில மொழிபெயர்த்தேன். கிளம்பும்போது ஓட்டப் பத்தி லேசா இழுத்தேன். "அது மனசுக்குள்ள இருக்குய்யா"ன்னு சொல்லிட்டு பூட்டிட்டாங்க.

*

உங்க அனுபவத்தப் படிச்சேன், நாங்க கேட்டுக்கு உள்பக்கம், கதவத் தொறக்கறவங்க. 2020 தேர்தல்ல கொரோனாவால பிரசாரக் கூட்டம் எதுவும் கிடையாது, மாஸ்க் போட்டுக்கிட்டு அஞ்சு பேருக்கு மேல சேராம வந்தாங்கல்ல, அப்ப எங்கப்பா வாரக்கணக்கா மனுச முகமே பாக்காம வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தவர், யார் வந்தாலும் பேசாம விடறதில்ல. காலையில வந்த கட்சிகிட்ட "உங்களுக்குத்தான்"னார், சாயங்காலம் எதிர்க்கட்சி வந்துச்சு, அவங்ககிட்டயும் "உங்களுக்குத்தான்". என்னப்பா இதுன்னு கேட்டா, மாடி ஏறி வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பற மாதிரி இருக்கும்லங்கறார். ஜூலை 10 யாருக்குப் போட்டார்னு அம்மாவுக்கே தெரியாது.

*

நானும் உள்பக்கம்தான், ஆனா ஈபி (வேலை அனுமதியில வந்த வெளிநாட்டுக்காரன்), ஓட்டு கிடையாது, பிரசாரத்துலயும் சேரக்கூடாது. ஆனா என் வாடகை வீட்டுக்குக் கட்சிக்காரங்க மூணு தடவை வந்துட்டாங்க. சிட்டிசன் இல்லன்னதும் "பரவால்ல"ன்னு சிரிச்சு நோட்டீஸக் குடுத்துட்டுப் போறாங்க. ஊர்ல ஸ்பீக்கர் கட்டின ஆட்டோ தெருமுனையிலயே காதக் கிழிக்கும், இங்க ஷூ ராக்கு மேல இடிச்சிடாம ஒதுங்கி வந்து பெல் அடிக்கறாங்க. புதுசா வந்த ரூம்மேட் நோட்டீஸத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு கேட்டான், "டோக்கன் எதுவும் இல்லையாடா?"

*

எல்லாம் சரி ப்ரோ, பாட்டியோட அந்தத் துணி விஷயம் என்னாச்சு?

*

மே 3 ஓட்டுப்பதிவு முடிஞ்சு நாலு நாள் கழிச்சு மனசு கேக்காம நானே பாட்டிக்கு மேல் வீடு, 10வது மாடிக்குப் போய் பெல் அடிச்சேன். தொறந்தவர் என்னை ஞாபகம் வெச்சிருந்தார். "தேர்தல்தான் முடிஞ்சிடுச்சே, இன்னும் என்ன?"ன்னார்.