புதுத் தொட்டிக்கு முதல் மீன்: வன்னித் தண்ணியில எங்கட அனுபவம்

கிளிநொச்சியில இருந்து:

தொட்டி சைக்கிள் ஆகி முடிஞ்சுது, அதாவது கழிவில வாற அமோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கிற பக்டீரியா பெருகிட்டுது. அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம், நைட்ரேட் மட்டும் ஏறி நிக்குது. இனி என்ன மீன் விடுறது எண்டு கேக்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறது, முதல்ல வீட்டுக் கேத்திலைத் திறந்து பாருங்கோ. அடியில வெள்ளைப் படை தடிப்பாப் பிடிச்சிருந்தா உங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்பு கூடின கடினத் தண்ணி. கப்பி, மொலி, பிளாட்டி, சுவோட்டெயில் எண்டு குட்டி போடுற சாதியளுக்கு அது நல்ல வாசி. நியோன் டெட்ரா, டிஸ்கஸ் எல்லாம் அமேசன் பக்கத்து மென்தண்ணி மீன். காசை யோசிச்சு வாங்குங்கோ.

நான் விட்டது கப்பி. ஒரு ஆணுக்கு ரெண்டு மூண்டு பெண் எண்ட கணக்கு, இல்லாட்டி ஆண்கள் கலைச்சுக் கலைச்சே பெண்ணைக் களைக்கப் பண்ணிப்போடுங்கள். பையை ஒரு கால் மணித்தியாலம் மிதக்க விட்டு, தொட்டித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாப் பைக்குள்ள விட்டு, பிறகு வலையால மீனை மட்டும் தூக்கி விட்டன். பைத் தண்ணி வாழைக்கு. அண்டைக்கு லைற்றும் இல்லை, சாப்பாடும் இல்லை.

ஒரேயடியா நிறைய விடாதேங்கோ. தொட்டியில இருக்கிற கழிவுக்கு ஏத்த அளவுதான் பக்டீரியா பெருகியிருக்கும். எங்கட கடினத் தண்ணியில பிஎச் (தண்ணியின்ர அமில-காரக் கணக்கு) பெரும்பாலும் கூட, அதால இன்னும் கவனம். பிஎச் 7 இல இருந்து 8 க்குப் போனா, அமோனியாவில நஞ்சான பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும், வெக்கையும் அதைக் கூட்டும். அடுத்த மீனுக்கு முதல் ஒண்டு ரெண்டு கிழமை விட்டு, டெஸ்ட் பண்ணிப் பாத்து விடுங்கோ.

வவுனியாவில இருந்து:

கேத்தில் கதை சரி. நான் கடையில கண்டதைச் சொல்லுறன். ஒரு தொட்டியில செத்த மீன் ஒண்டு மிதந்தாலும் அந்தத் தொட்டியில கை வைக்கிறேல்லை. செட்டையை ஒடுக்கிக்கொண்டு மூலையில நிக்கிறது, உடம்பில உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி இருக்கிறது, ரெண்டும் வேண்டாம். கடைக்காரரிட்டச் சொல்லி ஒரு சொட்டுச் சாப்பாடு போடுவிச்சுப் பாப்பன். ஓடி வந்து தின்னாட்டி வாங்கேல்லை.

போன முறை பக்கத்தில ஒரு பெடியன் பாசி தின்னுற டாங்க் கிளீனர் மீன் விரல் நீளத்தில நிண்டதைக் காட்டி, "அண்ணை, வளந்தா குளத்தில விடலாம்தானே?" எண்டு கேட்டான். கடைக்காரர் சிரிச்சார். "தம்பி, அது ஒரு அடிக்கு மேல வளரும். குளத்தில விட்டா வலை போடுறவை என்னைத்தான் தேடி வருவினம். பாசிக்கு மொலி கொண்டு போ." விக்கிற மனுசனே வேண்டாமெண்டு சொல்லுறது எனக்குப் புதுசு. அதுக்குப் பிறகு நான் வேற கடைக்குப் போறேல்லை.

முல்லைத்தீவில இருந்து:

கப்பி எங்கட தண்ணிக்குச் சரி எண்டதுக்கு சாட்சி கிணறுதான். மலேரியாத் தடைக்காரர் நுளம்புக் குடம்பி தின்ன கப்பி விட்டவை. 2016 இல இலங்கையை மலேரியா இல்லாத நாடு எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லியாச்சு, கப்பி மட்டும் எங்கட கிணத்தில இன்னும் குடும்பம் நடத்துது.

ஆனா டெட்ரா ஆசையை அறவே கைவிடத் தேவையில்லை. மாரியில ஓட்டுத் தண்ணியை முதல் மழை கழுவின பிறகு பரலில பிடிச்சு, கிணத்துத் தண்ணியோட கலந்து மென்மையாக்கிறன். வருசம் முழுக்கக் காணாது எண்டதுதான் கரைச்சல். ஒவ்வொரு தண்ணி மாத்தலுக்கும் ஒரே விகிதம் பிடிக்க ஏலாட்டி தொடங்காதேங்கோ.

கரண்ட் கன நேரம் போற இடமெண்டா பற்றரியில ஓடுற காத்து மோட்டர் ஒண்டு வச்சிருங்கோ. காத்தில்லாட்டி மீன் மட்டுமில்லை, ஃபில்டர் ஸ்பொஞ்சில இருக்கிற பக்டீரியாவும் சாகும். பிறகு சைக்கிள் முதல்ல இருந்து.

ஒரு கேள்வி: ஏஞ்சல் மீனைக் கப்பியோட விடலாமோ?

கிளிநொச்சியில இருந்து:

விடலாம், கப்பிக் குட்டியளை ஏஞ்சலின்ர சாப்பாட்டுச் செலவில எழுதிக்கொண்டா.