முத்துப்பிள்ளை கர்ப்பத்துக்குப் பிறகு எச்சிஜி (hCG, கர்ப்ப ஹார்மோன்) ஏறுகிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

என் தங்கைக்குப் பத்தாவது வாரத்தில் ஸ்கேன் எடுத்தபோது குழந்தை இல்லை. திரை முழுக்கப் பனி கொட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகள்தான். முழு முத்துப்பிள்ளை கர்ப்பம், அதாவது குழந்தை உருவாகாமல் நஞ்சுத் திசு மட்டும் தாறுமாறாக வளர்வது என்று சொல்லிக் கருப்பையைச் சுத்தம் செய்தார்கள். அப்புறம் வாராவாரம் எச்சிஜி ரத்தப் பரிசோதனை. முதலில் மளமளவென்று இறங்கியது. கடைசி மூன்று முடிவுகளும் ஏறுமுகம். காலண்டரில் அவளே எழுதி வைத்த எண்களைப் பார்க்கவே மனம் பதறுகிறது.

இந்த வகையில் நூற்றில் 15 முதல் 20 பேருக்கு மிச்சத் திசு மறுபடி வளருமாம், சிலருக்குப் புற்றாகவும் மாறுமாம். கீமோவில் அநேகமாக எல்லோருமே குணமாகிறார்கள் என்று டாக்டர் தைரியம் சொல்கிறார்.

மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ ஊசி போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா? வாய்ப்புண்ணை எப்படிச் சமாளித்தீர்கள்? எச்சிஜி இயல்புக்கு வர எத்தனை வாரம் ஆனது? முக்கியமாக, பிறகு நல்லபடியாகக் குழந்தை பெற்றவர்கள் இரண்டு வரி எழுதுங்கள். அவளிடம் படித்துக் காட்ட வேண்டும்.