அக்கா மகன் ஆடும் மெல்போர்ன் கிளப்: இந்தப் பருவத்தை நல்லது என்பதா, தோல்வி என்பதா?

கேள்வி – வேளச்சேரி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். மெல்போர்னின் கிழக்குப் புறநகர் ஒன்றில் வசிக்கும் என் அக்காவின் மகன், அங்குள்ள ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்துக் கிளப்பின் சீனியர் அணியில் ஆடுகிறான். அவர்களுடைய குளிர்காலத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கினால் நமக்குக் காலை ஒன்பதரை மணி என்பதால், சனிக்கிழமைகளில் காலைச் சிற்றுண்டி முடிந்ததும் என் தாயார் உட்பட எல்லோரும் ஸ்கோரைப் பார்க்க உட்கார்ந்துவிடுகிறோம்.

பருவம் இப்போது முடிந்துவிட்டது. வெற்றியும் தோல்வியும் ஏறத்தாழச் சரிபாதி. வெற்றிப் புள்ளிகளில் இன்னோர் அணியோடு சமமாக இருந்தும், பர்சென்டேஜ் என்ற கணக்கில் பின்தங்கியதால் முன்னணி அணிகள் மட்டும் கோப்பைக்காக மோதும் ஃபைனல்ஸ் சுற்றுக்குள் நுழையும் வாய்ப்பைக் கிளப் இழந்தது. மூன்றாம் கால்பகுதி முடியும்வரை முன்னிலையில் இருந்துவிட்டு, கடைசிக் கால்பகுதியில் கைவிட்ட ஆட்டங்களும் சில உண்டு. பயிற்சியாளர் தம் பருவ அறிக்கையில் இதை முன்னேற்றமான ஆண்டு என்று எழுதியிருக்கிறார். கிளப்பில் தன்னார்வலராக உழைக்கும் என் அத்தானோ, இது கையில் கிடைத்ததைத் தவறவிட்ட ஆண்டு என்கிறார். இருவரும் ஆட்டம் அறிந்தவர்கள் என்பதால் யார் சொல்வது சரி என்று எனக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு, இந்த ஆட்டத்தில் ஓர் அணியின் பருவத்தை எந்த எண்களைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பதை விளக்க முடியுமா? வெற்றி தோல்வி எண்ணிக்கை மட்டும் போதுமானதாகத் தோன்றவில்லை.

பதில் 1 – அடையாறு

வணக்கம் ஐயா. வேலையின் பொருட்டு மெல்போர்னில் சில ஆண்டுகள் இருந்தபோது உள்ளூர் ஆட்டங்களை விடாமல் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் பர்சென்டேஜ். வெற்றிக்கு நான்கு புள்ளிகள், சமநிலைக்கு இரண்டு. இவற்றில் இரண்டு அணிகள் சமமாக நின்றால், பருவம் முழுவதும் ஆட்டங்களின் ஸ்கோரில் ஓர் அணி எடுத்த மொத்தப் புள்ளிகளை அது விட்டுக்கொடுத்த மொத்தப் புள்ளிகளால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். 1500 எடுத்து 1200 கொடுத்த அணிக்கு 125. நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வேதனையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 2024 மே மாதத்தில் பெங்களூருவிடம் 27 ரன்களில் தோற்ற சென்னை சூப்பர் கிங்ஸ், அதே 14 புள்ளிகள் இருந்தும் நிகர ரன் விகிதத்தில் பின்தங்கி பிளேஆஃபை இழந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நிகர ரன் விகிதம் கழித்தல் கணக்கு. பர்சென்டேஜ் வகுத்தல் கணக்கு. ஆகவே, எதிரணியைக் குறைந்த புள்ளிகளுக்குள் அடக்கும் அணிக்கு இது கூடுதல் பலன் தரும். பருவம் முழுவதும் மொத்தம் 300 புள்ளிகள் கூடுதலாக எடுத்த இரண்டு அணிகளில், 1200க்கு 900 என்று முடித்த அணியின் பர்சென்டேஜ் 133ஐத் தாண்டும். 1800க்கு 1500 என்று முடித்த அணிக்கு 120தான்.

இந்த ஆட்டத்தின் உச்சநிலைத் தேசிய லீகான ஏ.எஃப்.எல். போட்டியில் 2022ஆம் ஆண்டு கார்ல்டன் அணிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். முதல் பத்து ஆட்டங்களில் எட்டை வென்ற அணி அது. லீக் பருவத்தின் கடைசி நான்கு ஆட்டங்களையும் தோற்றது. அவற்றிலும் கடைசி லீக் ஆட்டத்தில் காலிங்வுட்டிடம் 75க்கு 74 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. அந்த ஆட்டம் சமநிலையில் முடிந்திருந்தாலே அந்த ஆண்டு ஃபைனல்ஸுக்குச் சென்ற எட்டு அணிகளுக்குள் இடம் கிடைத்திருக்கும். வெற்றிகளில் சமமாக இருந்த வெஸ்டர்ன் புல்டாக்ஸ், ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் உள்ளே சென்றது. உங்கள் அத்தானின் வருத்தம் எத்தகையது என்று அன்றைய கார்ல்டன் ரசிகர் எவரையும் கேட்டால் சொல்வார்.

இனி ஸ்கோரைப் படிக்கும் முறைக்கு வருகிறேன். நடுவில் இருக்கும் இரண்டு உயரமான கம்பங்களுக்கிடையே உதைத்தால் கோல், ஆறு புள்ளிகள். அவற்றின் பக்கத்துக் குட்டைக் கம்பங்களுக்குள் சென்றால் பிஹைண்ட், ஒரு புள்ளி. 8.17 (65) என்றால் எட்டுக் கோல், பதினேழு பிஹைண்ட், மொத்தம் 65. இந்த இரண்டு எண்களையும் கூட்டினால் அந்த அணிக்குக் கிடைத்த புள்ளி வாய்ப்புகள் எத்தனை என்பது தெரியும். கிரிக்கெட் ஸ்கோரில் தவறவிட்ட கேட்சுகள் தெரிவதில்லை. இங்கே தவறியவையும் ஸ்கோருக்குள்ளேயே பதிவாகிவிடுகின்றன. இந்த ஆட்டத்தின் ஸ்கோர் எழுதும் முறையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

கோப்பையைத் தீர்மானிக்கும் ஏ.எஃப்.எல். இறுதி ஆட்டமான கிராண்ட் ஃபைனலில், 2008ஆம் ஆண்டினதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பருவத்தின் 22 லீக் ஆட்டங்களில் ஒன்றை மட்டுமே தோற்றிருந்த ஜீலாங், ஹாதார்னிடம் 115க்கு 89 என்று தோற்றது. ஹாதார்ன் 18.7, ஜீலாங் 11.23. அதாவது 25 வாய்ப்புகள் பெற்ற அணி, 34 வாய்ப்புகள் பெற்ற அணியை வென்றது. 2023 கிராண்ட் ஃபைனல் இதற்கு நேர் எதிர்: பிரிஸ்பேன் 13.8 (86), காலிங்வுட் 12.18 (90). ஒரு கோல் குறைவாக அடித்த அணி, பிஹைண்டுகளின் துணையால் நான்கு புள்ளிகளில் கோப்பையை வென்றது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, உங்கள் கிளப் தோற்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரு அணிகளின் வாய்ப்புகளைக் கூட்டிப் பார்ப்பதுதான். பெரும்பாலான தோல்விகளில் வாய்ப்புகள் உங்கள் பக்கம் அதிகமாக இருந்தால், பயிற்சியாளர் முன்னேற்றம் என்று எழுதியதற்கு ஆதாரம் இருக்கிறது.

பதில் 2 – பெரம்பூர் கால்பந்துப் பயிற்சியாளர்

அடையாறு நண்பர் கூறியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். இரண்டு இடங்களில் மட்டும் மாறுபடுகிறேன்.

பிஹைண்ட் ஒவ்வொன்றும் தவறிய கோல் அல்ல. நெருக்கடியில் இருக்கும் தடுப்பாட்டக்காரர் ஆறு புள்ளிகள் போவதைவிட ஒன்று போகட்டும் என்று பந்தைத் தன் கோட்டுக்குப் பின்னால் தள்ளிவிடலாம். 2008 கிராண்ட் ஃபைனலில் ஹாதார்ன் இதைப் பலமுறை செய்தது. ஜீலாங் பெற்ற 23 பிஹைண்டுகளில் பல இவ்வாறு வந்தவையே. அதன் பிறகு, நெருக்கடி இல்லாதபோது வேண்டுமென்றே பந்தைப் பின்னே தள்ளினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக் என்று 2009இல் விதியே மாற்றப்பட்டது. எனவே வாய்ப்புகளின் கூட்டுத்தொகையை மட்டும் வைத்துக்கொண்டு குறி தவறிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

இரண்டாவது, பர்சென்டேஜ் அதிகமாக இருப்பதாலேயே அணி வலுவானது என்று ஆகிவிடாது. உள்ளூர் லீகில் ஆள்பலம் குறைந்த ஓர் அணியைப் பெரும் வித்தியாசத்தில் வென்றால், அந்த ஒரே நாள் பருவம் முழுவதற்குமான பர்சென்டேஜை உயர்த்திக் காட்டும். காலிங்வுட் 2022இல் தொடர்ந்து பதினோர் ஆட்டங்களை வென்றது. அவற்றில் பல மிகச் சிறிய வித்தியாசத்தில் வந்த வெற்றிகள் என்பதால், நான்காம் இடத்தில் முடித்தபோதும் அதன் பர்சென்டேஜ் 104ஐ ஒட்டியே இருந்தது. நெருக்கமான வெற்றிகள் அதிர்ஷ்டம், அடுத்த ஆண்டு நிற்காது என்று சொன்னவர்கள் உண்டு. அரையிறுதி போன்ற பிரிலிமினரி ஃபைனலில் சிட்னியிடம் 95க்கு 94 என்று அணி தோற்றதும் அந்தப் பேச்சு இன்னும் வலுத்தது. அடுத்த ஆண்டு அதே அணி பட்டியலில் முதலிடம் பிடித்து, நண்பர் குறிப்பிட்ட நான்கு புள்ளி வித்தியாசத்தில் கோப்பையையும் வென்றது. கடைசி நிமிடங்களில் பந்தை எங்கே கொண்டுபோவது, எப்போது வேகத்தைத் தணிப்பது என்பவை பயிற்சியால் வருபவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகையால் கேள்வி கேட்டவருக்கு நான் பரிந்துரைப்பது கால்பகுதி வாரியான ஸ்கோர். ஆட்ட அறிக்கைகளில் அவற்றைக் கூட்டிக்கொண்டே போகும் முறையில் அச்சிடுவார்கள். இதோ, விளக்கத்துக்காக நானே அமைத்த ஓர் ஆட்டம்:

நம் அணி: 3.5, 4.8, 7.14, 8.17 (65)
எதிரணி: 1.1, 6.2, 7.3, 11.5 (71)

மூன்றாம் கால்பகுதி முடிவில் நம் அணி 56க்கு 45 என்று முன்னிலை. கடைசியில் ஆறு புள்ளிகளில் தோல்வி. மேலோட்டமாகப் பார்ப்பவர், உடல்தகுதி போதவில்லை, கடைசியில் களைத்துவிட்டார்கள் என்பார். ஒவ்வொரு கால்பகுதியையும் பிரித்துப் பாருங்கள்: நம் அணி முறையே 3.5, 1.3, 3.6, 1.3, எதிரணி 1.1, 5.1, 1.1, 4.2. கால்பகுதிக்கு ஒருமுறை அணிகள் முனை மாறுவதால், ஒன்றிலும் மூன்றிலும் நம் அணி ஒரே முனையை நோக்கி ஆடுகிறது. இரண்டு அணிகளும் அந்த ஒரு முனையில்தான் புள்ளிகளைக் குவித்திருக்கின்றன என்றால், அன்று காற்று அத்திசையில் அடித்திருக்கிறது என்று ஊகிக்கலாம். காற்றோடு ஆடியபோது நம் அணி 17 வாய்ப்புகளில் 6.11 எடுத்தது, எதிரணி 12 வாய்ப்புகளில் 9.3 எடுத்தது. ஆட்டம் கைவிட்டுப் போனது கடைசிக் கால்பகுதியில் அல்ல. காற்று துணைநின்ற முதல் மற்றும் மூன்றாம் கால்பகுதிகளில் வீணான பதினோரு பிஹைண்டுகளில்தான்.

அக்கா மகனின் கிளப் கடைசியில் கைவிட்டதாக நீங்கள் நினைக்கும் ஆட்டங்களை இப்படிப் பிரித்துப் பார்க்காமல், களைப்பு என்றோ மனத்தளர்ச்சி என்றோ சொல்வது அந்த இளைஞர்களுக்கு நியாயமாகாது.

பதில் 3 – அடையாறு

பெரம்பூர் ஐயா கூறிய காற்றுக் கணக்கு மிகச் சரியானது. உள்ளூர் ஆட்டத்தில் அது பெரிய மைதானங்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும் என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். சுற்றிலும் உயர்ந்த பார்வையாளர் மாடங்கள் இல்லாத புறநகர் மைதானத்தில் காற்றைத் தடுக்க ஒன்றும் இருக்காது. மெரினாவில் மாலைக் கடற்காற்றில் பந்தை உயரமாக உதைத்துப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மேலும், இந்த ஆட்டத்துக்கென்று ஒரே அளவான மைதானம் கிடையாது. கோடையில் கிரிக்கெட் ஆடும் நீள்வட்டத் திடல்களிலேயே குளிர்காலத்தில் இது ஆடப்படுகிறது. மழை பெய்தால் நடுப்பகுதி சேறாகும், பந்து கனத்துவிடும், கையில் நிற்காமல் வழுக்கும். அத்தகைய நாளில் இரு அணிகளுக்கும் ஐந்தாறு கோல்களே கிடைத்தால் அதைத் தாக்குதல் ஆட்டத்தின் பலவீனமாகக் கொள்ளக் கூடாது.

எந்த எண்ணிலும் நேரடியாகத் தெரியாத ஒன்றும் உண்டு: அந்த வாரம் யார் ஆடினார்கள் என்பது. உள்ளூர் வீரர்களுக்கு வேலை இருக்கிறது, தேர்வு இருக்கிறது, காயம் ஆற வாரக்கணக்கில் ஆகிறது. களத்தில் பதினெட்டுப் பேர் ஓட வேண்டிய ஆட்டத்தில் இரண்டு முக்கிய வீரர்கள் இல்லாமற்போனால், அன்று காலை ரிசர்வ்ஸ் எனப்படும் இரண்டாம் அணியின் ஆட்டத்துக்கென்று வந்த இளைஞர் சீனியர் அணிக்கு ஏற்றப்படுவார். பருவத்தின் முதல் பாதியிலும் பிற்பாதியிலும் சீனியர் அணியில் எத்தனை பேர் மாறினார்கள் என்று அத்தானிடம் கேளுங்கள். தங்கள் ஜூனியர் அணிகளில் வளர்ந்த பிள்ளைகளை ஏற்றி, அவர்களைக் கொண்டே சரிபாதி ஆட்டங்களை வென்றிருந்தால், பயிற்சியாளர் அறிக்கையில் எழுதியதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர் – வேளச்சேரி வாசகர்

மூன்று பதில்களுக்கும் மனமார்ந்த நன்றி. என் தாயாருக்கும் வாசித்துக் காட்டினேன். காற்றின் திசையை ஸ்கோரிலிருந்தே கண்டுகொள்ளலாம் என்பது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

கிளப்பின் பழைய அறிக்கைகளை எடுத்து, தோற்ற ஆட்டங்களைப் பெரம்பூர் ஐயா சொன்ன முறையில் பிரித்துப் பார்த்தேன். கடைசியில் கைவிட்டதாக நாங்கள் வருந்திய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில், இரண்டு அணிகளுமே ஒரே முனையை நோக்கி ஆடியபோதுதான் தடுமாறியிருக்கின்றன; நான்காம் கால்பகுதியில் அந்த முனை எங்கள் அணிக்கு வாய்த்திருக்கிறது. ஓர் ஆட்டத்தில் மட்டும் அப்படி இல்லை. அதில் நம் பிள்ளைகள் உண்மையிலேயே ஓய்ந்துபோயிருக்கிறார்கள், அது மழைநாள் என்று அக்கா மகன் சொன்னான். வாய்ப்புகளின் கூட்டுத்தொகையும் பல தோல்விகளில் எங்கள் பக்கமே அதிகம். அத்தானிடம் இதையெல்லாம் சொன்னபோது, குறி தவறிய உதைகளுக்கும் எதிரணி தள்ளிவிட்ட பிஹைண்டுகளுக்கும் தனித்தனியே குறிப்பு வைக்கும்படி அடுத்த பருவத்தில் கிளப்பில் கேட்பதாகக் கூறினார்.

இன்னும் ஒரே ஒரு ஐயம். சரிபாதி வென்ற அணி கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படுவதும் உண்டா?

பதில் 4 – அடையாறு

எல்லா லீகுகளிலும் அந்த முறை இல்லை. 1892இல் தொடங்கப்பட்ட விக்டோரிய அமெச்சூர் கால்பந்துச் சங்கம் போன்றவற்றில் பிரீமியர், பிரீமியர் பி, பிரீமியர் சி என்று அடுக்குகள் உண்டு; மேலே முடிப்பவர்கள் ஏறுவார்கள், அடியில் முடிப்பவர்கள் இறங்குவார்கள். பர்சென்டேஜில் மட்டுமே ஃபைனல்ஸ் வாய்ப்பை இழந்த அணி பட்டியலின் அடியிலிருந்து வெகு தொலைவில் இருக்கும். உங்கள் அக்கா மகன் அடுத்த ஆண்டும் இதே பிரிவில்தான் ஆடுவான்.