கீழத்தெரு குரூப்: டப்பாவுல கிச்சடி

டெய்லர் அக்கா (மாலை 6:12): முக்குவீட்டு பையன் ஆறாவது போனதுல இருந்து கிளாஸ்ல தூங்கறான்னு சார் திட்டறாராம்ல, காரணம் இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அவங்கம்மா மில்லு பஸ்ஸுக்கு அஞ்சரைக்கே போயிருது, காலைல அடுப்பே பத்தறதில்ல. மூணாவது படிக்கற தங்கச்சி, பள்ளிக்கூடத்துல குடுத்த கிச்சடில பாதிய டப்பாவுல ஒளிச்சு வெச்சு தண்ணி டேங்குக்கு பின்னாடி அண்ணனுக்கு குடுக்குது, என் கண்ணால பாத்தேன்

மளிகைக்கடை அண்ணன்: ஏனுங்க அவனுக்கும் காலை சாப்பாடு உண்டுல்ல, அதே ஸ்கூலுதான

டியூசன் பாப்பா: இல்லீங்கண்ணா அது அஞ்சாவது வரைக்கும்தான். 2022ல ஆரம்பிச்சதுல இருந்தே அப்படித்தான். மத்தியான சத்துணவு அவனுக்கு உண்டு, காலைலதான் இல்ல. போன வருசம் பந்தில உக்காந்து சாப்ட்டவன் இப்ப தூர நின்னு பாக்கறான். பின்னக் கணக்கெல்லாம் அவன்தான் எனக்கு மொதல்ல முடிச்சுட்டு வந்து நீட்டுவான், இப்ப நோட்ட தொறக்கறதே இல்ல

மெக்கானிக் தம்பி: ஆளுக்கு 200 போடுவோம், ஜிபே நம்பர் அனுப்புங்க

டெய்லர் அக்கா: வேண்டாம் சாமி. தீபாவளிக்கு துணி குடுத்து போட்டோ புடிச்சு ஸ்டேட்டஸ் வெச்சாங்கல்ல, ஒரு மாசம் அவன் தெருவுல தலகாட்டல

மளிகைக்கடை அண்ணன்: கடைக்கு காலைல வந்து மூட்டை எடுத்து வெக்கட்டும், டிபன் நான் வாங்கி தர்றேன்

டியூசன் பாப்பா: அண்ணா பதினொரு வயசு பையன்ங்க 😡

மளிகைக்கடை அண்ணன்: சரி சரி தப்புதான்

டெய்லர் அக்கா: எம்பையனும் ஆறாவதுதான, ரெண்டு பேரும் சேந்து போறதுக்கு வான்னு எம்பையனே கூப்புடட்டும். வந்தவன தோசைக்கல்லு முன்னாடி உக்கார வெக்கறது எம்பாடு. அவங்கம்மாட்ட நைட்டு நானே பேசிக்கறேன், யாரும் அது காதுல போட்டு சங்கடப்படுத்தாதீங்க

ரிட்டயர்டு கண்டக்டர் மாமா: எஸ்எம்சில, அதான் பள்ளி மேலாண்மைக் குழுவுல, நாலுல மூணு பங்கு பெத்தவங்கதான். கூட்டத்துல காம்பவுண்டு செவுரு, டாய்லெட் தண்ணின்னு பேசிட்டு டீய குடிச்சுட்டு வந்தர்றோம். ஆறு ஏழு எட்டுல வெறும் வயித்தோட வர்றது எத்தன பேருன்னு ஒருநா கேட்டிருக்கமா? இந்தவாட்டி தீர்மானமா எழுதோணும். பையன் பேரு அதுல வரக்கூடாது

டியூசன் பாப்பா: கிளாஸ் சார்ட்ட நான் தனியா சொல்றேன் மாமா, திட்டறதயாவது நிறுத்தட்டும்

டெய்லர் அக்கா (மறுநாள் காலை 8:20): வந்துட்டான். மொத தோசைக்கு வேண்டாம் வேண்டாம்னான். இப்ப நாலாவது ஓடுது, ரெண்டும் கிரிக்கெட் சண்டை. ஒரு தோசைய சுருட்டி பையில வெச்சான், யாருக்குடான்னா தங்கச்சிக்காம்

மளிகைக்கடை அண்ணன்: மாவு நாளைல இருந்து என் கடைல எடுத்துக்கோங்க அக்கா, கணக்கு எழுதாதீங்க