அமெரிக்க அதிபர் தேர்தல்: வாக்காளரின் மனத்தை மாற்றுகிறார்களா, வாக்குச்சாவடிக்கு வரவழைக்கிறார்களா?

பாளை மாணவி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் முதுகலை அரசியல் அறிவியல் படிக்கிறேன். 2024 அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றி அடுத்த மாதம் வகுப்பில் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். புத்தகங்களைப் புரட்டியும் தெளியாத ஒரு சந்தேகம், எங்கள் வீட்டிலிருந்தே தொடங்குகிறது.

எங்கள் ஆச்சிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. 2024 ஏப்ரல் 19 அன்று, அந்த வெயிலிலும் ஆட்டோவில் போய் வாக்களித்துவிட்டு வந்து, விரலில் வைத்த மையை ஈரம் காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார். அதே ஆண்டு நவம்பரில், நியூஜெர்சியில் குடியுரிமை பெற்று வாழும் என் பெரியப்பா மகன் வாக்களிக்கவே போகவில்லை. கேட்டதற்கு, "இங்கே யார் ஜெயிப்பார்கள் என்று முன்பே தெரியும், நான் போய் என்ன ஆகப்போகிறது" என்றார். அவரைப் போல, தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அந்தத் தேர்தலில் வாக்களிக்கவில்லை.

இவ்வளவு பணமும் விளம்பரமும் புழங்கும் ஒரு தேர்தலில் இத்தனை பேர் ஏன் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்? பிரசாரக் குழுக்கள் தங்கள் உழைப்பை எதிலே செலவிடுகின்றன: மாற்றுக் கருத்து உள்ளவரைத் தம் பக்கம் இழுப்பதிலா, ஏற்கெனவே தம் பக்கம் இருப்பவரை எழுப்பிக் கொண்டுபோய் வாக்களிக்க வைப்பதிலா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

வள்ளியூர் அண்ணாச்சி

தங்கச்சி, நான் அமெரிக்காவைப் பார்த்தவன் இல்லை. ஆனால் எங்கள் ராதாபுரம் தொகுதியில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடி முகவராக இருந்திருக்கிறேன். 2016 சட்டமன்றத் தேர்தலில் இங்கே வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருந்தது 49 வாக்குகள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதற்குப் பிறகு எங்கள் பகுதியில் "ஒரு ஓட்டால் என்ன ஆகும்" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அமெரிக்காவிலும் அப்படி நடந்திருக்கிறது. 2000-ல் ஃபுளோரிடா மாநிலத்தில் புஷ் 537 வாக்குகள் வித்தியாசத்தில் முன்னிலை பெற்றதாக அறிவிக்கப்பட்டு, அதனாலேயே நாட்டின் அதிபரானார். 2016-ல் நாடு முழுவதும் எண்ணிப் பார்த்தால் ஹிலாரி கிளின்டனுக்கு 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகக் கிடைத்திருந்தன. ஆனாலும் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் மொத்தமாக 78,000-க்கும் குறைவான வாக்குகளில் பின்தங்கியதால் அவர் தோற்றார். பொதுத்தேர்தல் பிரசாரக் காலத்தில் அவர் விஸ்கான்சினுக்கு ஒருமுறைகூட நேரில் போகவில்லை என்பதை வாசித்தபோது எனக்கு மனது கேட்கவில்லை. வேட்பாளர் வராத தெருவில் முகவர் என்ன பேசியும் எடுபடாது.

உங்கள் அண்ணன் சொன்னதிலும் பாதி நியாயம் உண்டு. அங்கே மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை; மாநிலவாரியாகத் தேர்வாகும் தேர்வாளர்களே அதிபருக்கு வாக்களிப்பார்கள். மொத்தம் 538 தேர்வாளர் வாக்குகள், 270 கிடைத்தால் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற 48 மாநிலங்களிலும், ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும் போய்விடுவார்கள். ஆகவே முடிவு தெரிந்த மாநிலத்தில் வேட்பாளர்கள் கால் வைப்பதும் அரிது, பணம் செலவழிப்பதும் அரிது. 2024-ல் பென்சில்வேனியா, ஜார்ஜியா, வட கரோலினா, மிச்சிகன், அரிசோனா, விஸ்கான்சின், நெவாடா என்ற ஏழு மாநிலங்களையே குடியரசுக் கட்சியின் டிரம்ப், ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ் இருவரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் மேசையிலிருந்தே பதில் சொல்கிறேன். சாவடிக்கு 200 மீட்டருக்கு அப்பால் நாங்கள் போடும் மேசையில் வாக்காளர் பட்டியலின் நகல் இருக்கும். வாக்களித்துத் திரும்புகிறவர் பெயருக்கு நேரே சிவப்புப் பென்சிலால் கோடு போடுவோம். மதியம் மூன்று மணிக்கு அந்தப் பட்டியலை எடுத்து, கோடு விழாத பெயர்களில் நம்மவர் யார் யார் என்று பார்த்து வீட்டுக்கு ஆள் அனுப்புவோம். பனைத் தொழிலுக்குப் போனவர், பணகுடிப் பக்கம் காற்றாலை வேலைக்குப் போனவர், கோயம்புத்தூரிலிருந்து வந்து தூங்கிக்கொண்டிருப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக்கு அந்த நேரத்தில் யாரும் போவதில்லை. கடைசி நாளில் மனம் மாறிய ஒருவரைக்கூட நான் கண்டதில்லை.

அம்பையிலிருந்து பக்ஸ் கவுண்டி

வணக்கம். சொந்த ஊர் அம்பாசமுத்திரம். இப்போது பென்சில்வேனியாவில், ஃபிலடெல்ஃபியாவுக்கு வடக்கே பக்ஸ் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது) இருக்கிறேன். 2024 இலையுதிர் காலத்தில் ஜனநாயகக் கட்சிக்காக வீடு வீடாகப் போனேன்.

அண்ணாச்சி சொன்ன சிவப்புப் பென்சில் இங்கே கைப்பேசிக்குள் இருக்கிறது. மினிவேன் என்ற செயலியில் நான் போக வேண்டிய வீடுகள் மட்டும் புள்ளிகளாகத் தெரியும். ஒரு தெருவில் இருபது வீடுகள் இருந்தால் என் பட்டியலில் ஆறோ ஏழோதான் இருக்கும். நடுவில் உள்ள வீட்டில் ஒருவர் வாசலில் நின்று சிரித்தால்கூட, தலையசைத்துவிட்டு அடுத்த புள்ளிக்கு நடந்துவிட வேண்டும். முதல் வாரத்தில் அது எனக்கு மிகுந்த சங்கடமாக இருந்தது. நம் ஊரில் ஒரு வீட்டைத் தாண்டிப் போனால் அவமதிப்பாகிவிடும். இங்கே ஒருவர் எந்தத் தேர்தலில் வாக்களித்தார், எதில் வாக்களிக்கவில்லை என்பது அரசின் பதிவேட்டில் இருக்கிறது, கட்சிகள் அதைப் பெற முடியும். யாருக்கு வாக்களித்தார் என்பது மட்டுமே ரகசியம். பென்சில்வேனியாவில் பதிவு செய்யும்போதே கட்சியையும் குறிப்பிடலாம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நம் பக்கம் சாய்ந்தவர், ஆனால் தவறாமல் வாக்களிப்பவர் அல்லர் என்ற பெயர்கள் பிரிந்து வந்துவிடும். என்னை அனுப்பியது பெரும்பாலும் அவர்களிடம்தான்.

ஒரு மாலையில் கதவைத் திறந்த மூதாட்டி, தபால் வாக்குச்சீட்டை ஏற்கெனவே நிரப்பி வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போய் எடுத்து வந்து காட்டினார். இங்கே வாக்குச்சீட்டை முதலில் ஓர் உள் உறையில் போட்டு, அதை வெளி உறைக்குள் வைத்துக் கையெழுத்திட்டுத் தேதி எழுதி அனுப்ப வேண்டும். உள் உறை இல்லாவிட்டால் அந்த வாக்கு எண்ணப்படாது. அவர் உள் உறையை வேண்டாத தாள் என்று நினைத்துத் தனியே வைத்திருந்தார். நான் அவருடைய சீட்டைத் தொடாமல், எது எதற்குள் போக வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அவர் மெதுவாக ஒட்டி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அன்று மாலை நான் செய்தவற்றில் பயன் தந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மனத்தை மாற்றும் பேச்சு எதுவும் அதில் இல்லை.

வாக்களிக்காதவர்களைச் சோம்பேறிகள் என்று எழுதிவிடாதீர்கள், தங்கச்சி. தேர்தல் நாள் நவம்பர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை என்று 1845-ல் இயற்றிய சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. நாடு முழுவதற்குமான விடுமுறை கிடையாது. நம் ஊரில் பட்டியலைச் சரிபார்க்க அலுவலர் வீடு தேடி வருவார். இங்கே வீடு மாறினால் பதிவைப் புதுப்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வாக்காளருடையதே. மணிக்கணக்கில் கூலி வாங்குபவர் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றால், அது அவருடைய சம்பளத்தில் தெரியும்.

தென்காசி ஓய்வுபெற்ற பேராசிரியர்

மேலே இருவரும் அனுபவத்தில் சொன்னதற்குக் கள ஆய்வுகளின் ஆதரவும் உண்டு. அரசியல் அறிவியல் ஆய்வாளர்களான ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் ஆகிய இருவரும் 1998-ல் கனெக்டிகட்டின் நியூ ஹேவன் நகரில் ஏறத்தாழ 30,000 வாக்காளர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். சிலரை நேரில் சந்தித்தார்கள், சிலருக்குக் கடிதம் அனுப்பினார்கள், சிலரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். நேரில் போய்ப் பேசியது வாக்குப்பதிவைத் தெளிவாக உயர்த்தியது. கடிதத்தின் பலன் சிறிது. தொலைபேசி அழைப்பால் பலன் இல்லை.

என்னை அதைவிட ஈர்த்தது 2006-ல் மிச்சிகனில் நடந்த ஆய்வு. ஒரு குழுவினருக்கு அனுப்பிய கடிதத்தில், அவர்களும் அவர்களுடைய அண்டை வீட்டாரும் முந்தைய தேர்தல்களில் வாக்களித்தார்களா என்ற விவரத்தை அச்சிட்டு, தேர்தலுக்குப் பிறகு மறுபடியும் இப்படி ஒரு பட்டியல் வரும் என்றும் எழுதியிருந்தார்கள். எந்தக் கடிதமும் பெறாதவர்களில் 29.7 சதவீதத்தினர் வாக்களிக்க, இந்தக் கடிதம் பெற்றவர்களில் 37.8 சதவீதத்தினர் வாக்களித்தார்கள். நாலு பேர் பார்ப்பார்கள் என்ற உணர்வுக்கு அவ்வளவு வலு. உங்கள் ஆச்சியின் விரலில் இருந்த மையை அந்தக் கண்கொண்டு பாருங்கள், மகளே. அது கள்ள வாக்கைத் தடுக்க வந்தது. ஆனால் மறுநாள் காலையில் தெருக் குழாயடியில் அது செய்யும் வேலை வேறு.

மனமாற்றத்தைப் பற்றி ஒன்று. பல கள ஆய்வுகளை ஒன்றுசேர்த்து கல்லா, புரூக்மேன் என்ற ஆய்வாளர்கள் 2018-ல் எழுதிய கட்டுரை, பொதுத்தேர்தல்களில் பிரசாரத் தொடர்பு வாக்காளரின் தேர்வை மாற்றும் அளவு சராசரியாகப் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கிறது என்றது. இரண்டு கட்சிகளின் பெயரும் தெரிந்த நிலையில் ஒருவர் தம் கட்சியை விட்டு அசைவது அபூர்வம். 2004-ல் புஷ்ஷின் உத்தியாளர் கார்ல் ரோவ், நடுவில் நிற்பவர்களை மட்டும் நம்பாமல் தம் பக்கத்துச் சமயப்பற்றாளர்களைத் திரட்டுவதில் முழு மூச்சாக இறங்கியதும், கடைசி 72 மணி நேரத்துக்கெனத் தனித் திட்டம் வகுத்ததும் இதை அறிந்துதான்.

மேலப்பாளையம் வாசகர்

பேராசிரியர் ஐயாவின் மீது மரியாதையுடன் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன். ஆட்களைத் திரட்டினால் போதும் என்பது 2024-ல் பலிக்கவில்லை. பக்ஸ் கவுண்டி அக்கா அத்தனை வாசல்களில் நின்றும், ஏழு மாநிலங்களும் டிரம்புக்கே போயின; தேர்வாளர் வாக்குகள் 312-க்கு 226. கூடுதல் பேர் வாக்களித்தால் ஜனநாயகக் கட்சிக்கு லாபம் என்ற பழைய கணக்கும் பொய்த்தது. எப்போதாவது வாக்களிப்பவர்களில் கணிசமானோர் இந்த முறை டிரம்ப் பக்கம் சாய்ந்திருந்தார்கள். மளிகைக் கடை விலைவாசி கண்முன்னே நிற்கும்போது, ஆளுங்கட்சியின் ஆள் கதவைத் தட்டினால் அந்தக் கோபமும் சேர்ந்துதான் எழுந்து வரும்.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது மிச்சிகன். 2024 பிப்ரவரியில் நடந்த ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், காஸாப் போரில் பைடன் எடுத்த நிலைப்பாட்டை எதிர்த்து ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் "யாருக்கும் இல்லை" என்ற பொருள்படும் பெட்டியில் குறியிட்டார்கள். அரபு வம்சாவளியினர் நிறைந்த டியர்பார்ன் நகரம், 2020-ல் பைடனுக்குப் பெரும்பான்மை தந்த ஊர், நவம்பரில் டிரம்புக்கு முதலிடம் கொடுத்தது. அந்த நாட்களில் எங்கள் தெருவில் தொழுகை முடிந்து வெளியே வந்தால் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். இங்கே யாரும் வழி தெரியாமலோ உறை தவறியோ விலகி நிற்கவில்லை. கேட்டதைக் கேட்காத கட்சிக்கு வாக்கைத் தர மறுப்பதும் ஒரு முடிவு. அவர்களைப் பட்டியலில் கோடு விழாத பெயர்கள் என்று மட்டும் கணக்கிட்டால், அவர்கள் சொன்னது யாருடைய காதிலும் விழாது.

பாளை மாணவி

எல்லோருக்கும் நன்றி. மேலப்பாளையம் அண்ணன் சொன்னதைப் படித்த பிறகு கட்டுரையை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன்: வர முடியாதவர்கள், வர விரும்பாதவர்கள். இருவருக்கும் ஒரே உத்தியைப் பயன்படுத்தியதுதான் ஹாரிஸ் பிரசாரக் குழுவின் சறுக்கல் என்று வாதிடப் போகிறேன்.

அண்ணாச்சி, முடிவு தெரிந்த மாநிலங்களைப் பற்றி நீங்கள் சொன்னதை நியூஜெர்சியை வைத்துச் சரிபார்த்தேன். 2020-ல் அங்கே பைடன் ஏறத்தாழ 16 புள்ளிகள் வித்தியாசத்தில் வென்றார். 2024-ல் ஹாரிஸின் வித்தியாசம் 6 புள்ளிகளுக்கும் கீழே வந்துவிட்டது. இதை நேற்று இரவு பெரியப்பா மகனுக்கு அனுப்பினேன். சற்று நேரம் கழித்து அழைத்தார். தேர்தலுக்கு முந்தைய கோடையில் வேறு கவுண்டிக்கு வீடு மாறியிருந்தாராம். புது முகவரியில் பதிவு செய்ய வாக்குப்பதிவுக்கு 21 நாட்களுக்கு முன்பே கெடு முடிந்துவிட்டது. அது தெரிந்தது நவம்பர் பிறந்த பிறகு. என்னிடம் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, யார் ஜெயிப்பார்கள் என்று முன்பே தெரியும் என்று சொல்லிவிட்டாராம். இப்போது பதிவு செய்துவிட்டதாகச் சொல்லி, உறுதிச்சீட்டின் படத்தை ஆச்சியின் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறார்.