முதல் இணையதள வேலைக்கு எவ்வளவு கேட்பது?

திண்டுக்கல் இளையவன்:
அனைவருக்கும் வணக்கம். இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் பயிற்சிக்காகச் சில தளங்களை அமைத்த அனுபவம் மட்டுமே எனக்கு உண்டு. இப்போது சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் கடைக்காரர் ஒருவர், தமிழிலும் ஆங்கிலத்திலுமாக எட்டுப் பக்கங்கள் கொண்ட தளம் ஒன்றைக் கேட்கிறார். சேலைப் படங்களும், வாட்ஸ்அப்பில் விசாரிக்கும் வசதியும் இருந்தால் போதுமாம். "பத்தாயிரத்துக்குள் முடித்துக் கொடு தம்பி" என்கிறார். முதல் வேலை என்பதால் அதற்கே ஒப்புக்கொள்வதா, அல்லது மணிக்கணக்கில் கேட்பதா என்று தெரியவில்லை.

கோவை வடிவமைப்பாளர்:
மணிக்கணக்கை உங்கள் நோட்டில் வைத்துக்கொண்டு, அவரிடம் மொத்தத் தொகையைச் சொல்லுங்கள். மாதம் 30,000 ரூபாய் கையில் நிற்க வேண்டும், இணையம், மின்சாரம், மடிக்கணினித் தேய்மானம் எல்லாம் சேர்த்து 6,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். வேலை தேடுவதும் பேசுவதும் போக, கூலி கிடைக்கும் நேரம் மாதத்துக்கு 100 மணியைத் தாண்டாது. ஆகவே மணிக்கு 360 ரூபாய். இந்தத் தளத்துக்கு 50 மணி பிடிக்கும் என்றால் 18,000.

50 மணியா என்று மலைக்க வேண்டாம். கடையைப் பற்றிய குறிப்பை அச்சகத்தில் பாமினி என்ற பழைய வகை எழுத்துருவில் அடித்து வைத்திருப்பார்கள்; அதைத் தளத்தில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். இணையத்தில் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றி, பிழை பார்த்து முடிக்கவே ஒரு நாள் போய்விடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படங்களோ சுருங்கி வந்து, சுங்குடிப் புள்ளிகளே மங்கிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அவரால் பத்தாயிரம்தான் முடியும் என்றால், உங்கள் கூலியைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள்.

மதுரை நிரலர்:
மேலே சொன்ன கணக்கை ஏற்கிறேன். ஆனால் முதல் வேலைக்குச் சலுகை தருவதில் தவறில்லை. விலைப்புள்ளியில் 18,000 என்று எழுதி, அதன் கீழே சலுகையைத் தனி வரியாகக் காட்டுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் கடைக்காரரும் அதே பத்தாயிரத்தைச் சொல்லிக்கொண்டுதான் வருவார்.

தொகையை விட, அது எப்போது கைக்கு வரும் என்பதே முக்கியம். தொடங்கும் முன் 40 விழுக்காடு, வடிவமைப்பை அவர் ஏற்றதும் 30, தளம் வெளியாகும் முன் மீதி என்று எழுதி வாங்குங்கள். திருத்தம் இரண்டு சுற்று என்பதையும், டொமைனும் (தளத்தின் முகவரி) ஹோஸ்டிங்கும் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில் இருக்கும், ஆண்டுக் கட்டணமும் அவருடையதே என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்யாமல் ரசீதில் அந்த வரியை வசூலிக்கவும் கூடாது.

திண்டுக்கல் இளையவன்:
இருவருக்கும் மிக்க நன்றி. தமிழில் மட்டும் ஐந்து பக்கங்கள், 30 மணி, 10,800 ரூபாய் என்று எழுதித் தரப் போகிறேன். ஆங்கிலப் பக்கங்களுக்குத் தனி விலை. சேலைகளைப் பகல் வெளிச்சத்தில் நானே படமெடுக்கலாம் என்று இருக்கிறேன். அதற்கும் பணம் கேட்கலாமா?

கோவை வடிவமைப்பாளர்:
கட்டாயம் கேளுங்கள். மடித்து, விரித்து, முந்தானையையும் உடலையும் தனித்தனியாக எடுக்க ஒரு சேலைக்குப் பத்து நிமிடமாவது ஆகும். எத்தனை சேலை என்பதை முன்கூட்டியே பேசி, அதையும் விலைப்புள்ளியில் தனி வரியாக எழுதிவிடுங்கள்.